சிங்கோனாப் பட்டையும் ஹானிமனின் துளியும்

கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக லூல்கந்துரத் தோட்டத்துக்கு ஏறிச்செல்வோர், 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட சரித்திரத்தை நன்கறிவர். ஆயினும் அதே மலைச்சாரலில் அவர் சிங்கோனா மரத்தையும் வளர்த்தார் என்பதும், தேயிலை, சிங்கோனா ஆகிய இரண்டுக்குமே அடிகோலியவர் என்று தோட்டத் துரைமார் அவருக்கு வெள்ளிப் பாத்திரங்கள் அளித்துச் சிறப்பித்தனர் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். ஹக்கலத் தோட்டம் 1861-இல் சிங்கோனா நாற்றுகளுக்காகவே அமைக்கப்பட்டது. இலைநோயால் கோப்பி அழிந்தபோது துரைமார் பலர் இம்மரத்தையே நம்பினர். 1880களின் நடுவில் பட்டை ஏற்றுமதி ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலைத் தாண்டியது. பின்னர் விலை வீழ்ச்சியுற, நிலமெல்லாம் தேயிலைக்குச் சொந்தமாயிற்று. வர்த்தகத்தில் இவ்வாறு மறைந்த மரத்துக்கு வைத்திய சரித்திரத்தில் அழியாத இடமொன்று உண்டு: ஹோமியோபதி என்னும் சிகிச்சை முறை இதன் பட்டையிலிருந்தே பிறந்தது. ஆதலால் அம்முறையின் குணதோஷங்களை ஆராய்வதற்கு, 'சைனா' என்ற பெயரில் ஹோமியோபதி வைத்தியர்கள் வழங்கும் இப்பட்டை மருந்தைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்குரிய இப்பட்டையை 17-ஆம் நூற்றாண்டில் யேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பொடியாகவும் கஷாயமாகவும் திராட்சை மதுவில் ஊறவைத்தும் மலேரியா எனப்படும் முறைக்காய்ச்சலுக்கு அது கொடுக்கப்பட்டது. 1820-இல் பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு ரசாயனிகள் அதன் சாரமாகிய குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம் முன்னோர் 'கொயினா' என்றழைத்த அம்மருந்தின் அருமை மலையகத் தமிழருக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதன்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த எத்தனையோ பேர் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே பலியாயினர். 1934-35-இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அவ்வேளையில் கிராமங்களுக்குச் சென்ற தொண்டர்களின் கையில் இருந்த பிரதான ஆயுதம், அளவறிந்து கொடுக்கப்பட்ட குயினைனே.

இனி ஹோமியோபதியை வகுத்த ஹானிமனின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். 1790-இல் கல்லன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியரின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்க்கும்போது, பட்டையின் குணத்துக்கு அதன் கசப்பும் துவர்ப்புமே காரணம் என்ற விளக்கத்தில் திருப்தியுறாது, அவர் அப்பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்தார். குளிரும் படபடப்பும் சோர்வுமாக முறைக்காய்ச்சலின் குறிகள் தம் தேகத்தில் தோன்றியதாக எழுதினார். ஒத்ததை ஒத்தது தீர்க்கும் என்ற சித்தாந்தம் அதிலிருந்து எழுந்தது. இரத்தத்தை வடித்தும் கடும்பேதி கொடுத்தும் பாதரசத்தை ஊட்டியும் நோயாளியை நலிவித்த அக்காலத்தில், மருந்தை முதலில் சுகதேகியிடம் பரீட்சிக்க வேண்டும் என்றும், நோயாளியின் சொல்லைப் பொறுமையோடு முழுவதும் கேட்கவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தியது மெய்யாகவே பெரிய காரியம். இன்றும் ஆஸ்பத்திரியின் நீண்ட வரிசையில் நின்று, இரண்டு நிமிஷத்தில் சீட்டோடு திரும்புகிறவர், ஹோமியோபதி வைத்தியரின் நிதானமான விசாரணையில் ஆறுதல் காண்பது இயற்கையே.

ஆனால் ஆறுதல் வேறு, பிரமாணம் வேறு. சுகதேகிகள் பட்டையை உண்டால் காய்ச்சல் வருவது வழக்கமன்று. அளவு மிஞ்சினால் காதிரைச்சலும் தலைவலியும் குமட்டலும் பார்வை மங்கலுமே உண்டாகும். 1880-இல் லாவெரன் மலேரியாக் கிருமியைக் கண்டபின், பட்டை நோயைத் தீர்ப்பது நோயைப் போன்ற குறிகளை எழுப்புவதால் அன்று, சிவப்பணுக்களில் புகுந்த அக்கிருமியைக் கொல்வதால் என்பது தெளிவாயிற்று. அஸ்திவாரமே இவ்வாறிருக்க, அதன்மேல் எழுந்த வீரியமாக்கல் முறை இன்னும் விபரீதமானது: நூற்றில் ஒன்றாக முப்பது முறை கரைத்த திரவத்தில் பட்டையின் ஓர் அணுத்துகளேனும் எஞ்சியிருக்க வழியில்லை. பட்டையே இல்லாத துளி, பட்டையின் மூன்று நூற்றாண்டுப் புகழுக்கு எங்ஙனம் உரிமை கொண்டாடும்?

சைனாவை மலேரியாவுக்கன்று, பேதியாலோ இரத்தப்போக்காலோ வந்த பலவீனத்துக்கும் வயிற்று உப்புசத்துக்குமே கொடுக்கிறோம் என்று ஹோமியோபதி வைத்தியர்கள் கூறலாம். அங்கும் தேகம் இழந்தது நீரும் உப்பும் இரும்புச்சத்துமாகும். இழந்ததைக் கொடாமல் குறியை மட்டும் பார்க்கும் சிகிச்சை, குழந்தையின் பேதியிலே உயிரோடு விளையாடுவதாகும். மலேரியா, சயரோகம், குழந்தைகளின் பேதி முதலியவற்றுக்கு ஹோமியோபதியை நம்பலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் எச்சரித்தது இதனாலேயே.

இலங்கையில் ஹோமியோபதிக்குச் சட்ட அங்கீகாரம் 1970-இலேயே கிடைத்துவிட்டது. சட்டம் தரும் அந்தஸ்து ஒரு மருந்துக்குக் குணத்தைத் தந்துவிடாது. 2016-இல் மலேரியா அற்ற நாடென்று நாம் அறிவிக்கப்பட்டோம். எனினும் வெளிநாட்டிலிருந்து திரும்புவோருடன் அக்கிருமி வந்துசேரக்கூடும். அத்தகையவரின் காய்ச்சலுக்கு உடனே இரத்தப் பரீட்சை செய்வதே அறம். அவ்வேளையில் இனிப்பு உருண்டையைக் கொடுத்துக் காத்திருப்பது குற்றம். கேட்கும் பொறுமையை ஹானிமனிடமிருந்து நம் வைத்தியர்கள் கற்கட்டும். கொடுக்கும் மருந்தை மட்டும், கொயினாவைப் போல, அளவாலும் விளைவாலும் மெய்ப்பிக்கப்பட்டதாகவே தேர்ந்து கொடுக்கட்டும்.