முதலில் சோற்றைப் பாருங்கள்

சென்னையில் சுஷி சாப்பிடப் போகிறவர்கள் வாசலிலேயே கேட்பது 'மீன் ஃப்ரெஷ்ஷா?' கேட்க வேண்டியது அதுவல்ல. சுஷிக்கு ஆதாரம் மீன் இல்லை. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோறு. வெறும் பச்சை மீனை நறுக்கி வைத்தால் அது சஷிமி.

நாம் பார்க்கும் கையால் பிடித்த சுஷி, 1820-களில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) தெருக்கடைகளில் விற்ற அவசர ஆகாரம். நம்மிடம் அது ஸ்டார் ஓட்டல் வழியாக வந்ததால் பில்லைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பர்ஸ் எதுவானாலும் பரீட்சை ஒன்றுதான். பருக்கைகள் ஒட்ட வேண்டும், குழையக் கூடாது. உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து விறைத்து வந்தால் அடுத்த முறை வேறு கடை. தயிர் சாதத்தில் குறை கண்டுபிடிக்கிற மயிலாப்பூர்க்காரருக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்ன பட்ஜெட்டா? அடையாறு, தி.நகர் பக்கம் டப்பாவில் வரும் வெள்ளரிக்காய், அவகாடோ, பொரித்த இறால் ரோல் போதும். மலிவு விலையில் பச்சை மீன் மட்டும் வேண்டாம். நடுத்தரத்துக்கு, கார் தொழிற்சாலைகளுக்கு வந்த ஜப்பானிய இன்ஜினீயர்களை நம்பி முளைத்த ரகம்; நுங்கம்பாக்கம் டாலியா அப்படிப் பெயர் வாங்கியது. பக்கத்து டேபிளில் ஜப்பானியர் இருந்தால் தைரியமாக உட்காரலாம். பெரிய பட்ஜெட்டுக்கு ஸ்டார் ஓட்டலும் சால்மனும். அந்த சால்மனே 1980-களில் நார்வே வியாபாரிகள் ஜப்பானுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். பரம்பரை, பாரம்பரியம் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள்.

என் புகார் இதுதான். கூப்பிடு தூரத்தில் நொச்சிக்குப்பம்; தட்டில் நார்வே. வஞ்சிரத்தை வாங்கிப் பச்சையாகச் சாப்பிடச் சொல்லவில்லை. புழு சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசரை நம்ப முடியாது. ஆனால் ஐஸ் இல்லாத எடோவில் என்ன செய்தார்கள்? மீனை வினிகரிலும் சோயாவிலும் ஊறவைத்தார்கள், இறாலை வேகவைத்தார்கள். இதற்கு விமானம் வேண்டாம், நம்மூர் இறால் போதும்.

அதைச் செய்கிற சமையல்காரர் வரட்டும். மெட்ராஸ் சுஷி என்று நாமே பெயர் வைத்துவிடலாம்.