அன்னா அட்கின்சின் நீலப் பதிவுகள்: ஒரு மதிப்பீடு

1843 அக்டோபரில் அன்னா அட்கின்ஸ் (1799–1871) வெளியிடத் தொடங்கிய 'பிரித்தானியப் பாசிகளின் ஒளிப்படங்கள்', ஒளிப்படங்களுடன் வந்த முதல் நூலாகக் கருதப்படுகிறது. பகுதி பகுதியாக வெளிவந்து 1853-இல் நிறைவடைந்த இந்நூலில் ஏறத்தாழ 400 படங்கள் உள்ளன. எதற்கும் கேமரா பயன்படுத்தப்படவில்லை.

செய்முறை

ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த சயனோடைப் முறையை அட்கின்ஸ் கையாண்டார். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு கரைசல்களைக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் உலர்ந்த பாசியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், ஒளி பட்ட இடத்தில் நீரில் கரையாத பிரஷ்ய நீலம் உருவாகும். பாசி மறைத்த இடத்திலுள்ள உப்பு அலசும்போது கரைந்துவிட, அங்கே வெண்ணிற உருவம் எஞ்சும்.

துல்லியம்

நுண்ணிய பாசிகளைத் துல்லியமாக வரைவது கடினம் என்பதால் இம்முறையைத் தேர்ந்ததாக அட்கின்ஸ் முன்னுரையில் கூறுகிறார். வில்லியம் ஹார்வி 1841-இல் எழுதிய பாசிக் கையேட்டில் படங்கள் இல்லை; அக்குறையை இந்நூல் நிரப்ப முயன்றது.

அளவில் அது வெற்றி பெற்றது. பாசியே தாளைத் தொட்டுக் கிடந்ததால் உருவம் உண்மை அளவில் அமைந்தது. மெல்லிய பகுதிகளில் ஒளி ஊடுருவி வெளிர்நீலம் படிந்ததால் தடிப்பின் வேறுபாடும் பதிவானது.

ஆனால் நிறம் இழக்கப்பட்டது. ஹார்வி பாசிகளைப் பிரித்ததே சிவப்பு, பச்சை, பழுப்பு என்ற நிற வேறுபாட்டைக் கொண்டுதான். அட்கின்சின் தாளில் எல்லாமே நீலத்தின்மேல் வெண்மை. ஒன்றன்மேல் ஒன்று படிந்த கிளைகளில் எது மேலே, எது கீழே என்றும் தெரிவதில்லை. இனங்காண்பதற்கு, ஹார்வி 1846–51-இல் வெளியிட்ட 360 வண்ணப்படங்களே கூடுதலாகப் பயன்படும்.

அழகு

இந்த நீலத்தைக் கடலின் நிறமாகக் கண்டு புகழ்வதுண்டு. அது வேதிப்பொருளின் நிறம். பின்னர் அட்கின்ஸ், ஆன் டிக்சனுடன் சேர்ந்து பதித்த பெரணிகளும் நீலம்தான். பாராட்ட வேண்டியது அவர் உழைப்பை. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு படத்தையும் தனியாக வெயிலில் பதிக்க வேண்டியிருந்தது. பெயர்களும் முன்னுரையும்கூடக் கையெழுத்தாகவே இம்முறையில் அச்சாயின.

இன்று மொட்டைமாடியில் ஓர் இலையை வைத்து இச்சோதனையைச் செய்யும் மாணவர், பதிவையும் இலையையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். விளிம்பும் அளவும் அப்படியே இருக்கும். இலையின் பச்சையைத் தனியே குறித்துவைக்க வேண்டியிருக்கும்.