பெத்தலகேம் குறவஞ்சி: கவிதையும் கவிஞரும்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் மார்கழி மாதம் இருவகைப் பாட்டோடு கழியும். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். முன்னிரவில் கிறித்துமசுப் பாடற்குழுவினர் டோலக்கும் கைத்தாளமுமாக வீடு வீடாக வருவர். அவர்கள் பாடுவனவற்றுள் சில மேனாட்டு மெட்டில் அமைந்தவை. சில நம் நாட்டு இராகங்களில் அமைந்த கீர்த்தனைகள். பின்னவை தொடங்கியதும், அச்சமயத்தைச் சாராத நம் வீட்டு முதியோரும் திண்ணையில் அமர்ந்து தாளம் போடுவதைக் கண்டிருக்கிறோம். இவற்றைப் பாடியவர் யார் என்று ஓராண்டு வினவினோம். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "பல பாட்டுகள் தஞ்சாவூர் வேதநாயக சாத்திரியார் பாடினவை ஐயா" என்றார். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் இவரையும் ஒருவரெனக் கருதுவோர் உளர். அவர் நீதித்துறையில் பணியாற்றியவர்; 1826-இல் பிறந்தவர். நாம் பேச எடுத்துக்கொண்ட சாத்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

குருப்பட்டம் பெறாத குரு

சாத்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில், செர்மானியப் பாதிரியார் சுவார்ட்சு அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொரு சிறுவரே பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி. ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர். ஒருவர் மன்னரானார், மற்றவர் கவிஞரானார். சாத்திரியார் தரங்கம்பாடியிலும் பயின்று, இருபது வயதை ஒட்டித் தஞ்சைக் கிறித்தவப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அவர் ஒருநாளும் குருப்பட்டம் பெறவில்லை. பள்ளி ஆசிரியராகவும், காலட்சேபம் செய்பவராகவும், பாவலராகவும் வாழ்ந்து 1864-இல் மறைந்தார். 'சுவிசேடக் கவிராயர்' என்பது மக்கள் அவரை வழங்கிய பெயர்.

அவருடைய நம்பிக்கையின் உறுதிக்கு வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பெரிய கோயில் இறைவன்மீது பாடுமாறு மன்னர் கேட்டார் என்றும், தம் இறைவனையன்றிப் பிறரைப் பாடுவதில்லை என்று சாத்திரியார் பணிவுடன் மறுத்தார் என்றும், மன்னர் சினவாது நட்பைப் போற்றினார் என்றும் கூறுவர். இச்செய்தி எவ்வாறாயினும், மன்னரின் ஆதரவு சாத்திரியாருக்கு இருந்தது என்பது வரலாறு. சமய வேறுபாடு நட்பை முறிக்கவில்லை என்பது இருவருக்கும் பெருமை.

தெருவுக்கு வந்த நற்செய்தி

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றதும் நம் புலவர்கள் இருநூல்களையே முதலிற் சுட்டுவர். ஒன்று, வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி. மற்றொன்று, எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். இது 1894-இல் வெளிவந்தது. இரண்டும் விருத்தத்தால் இயன்ற பெருங்காப்பியங்கள். கற்றோர் அவையில் வைத்துப் போற்றத்தக்கவை. ஆனால், ஏடு படிக்க அறியாத உழவனும் நாற்று நடும் பெண்ணும் அவற்றை எங்ஙனம் அணுகுவர்?

சாத்திரியார் வேறு வழியை மேற்கொண்டார். அவர் தேர்ந்தவை கும்மி, நொண்டி நாடகம், உலா, குறவஞ்சி போன்ற வடிவங்கள். 'சாத்திரக் கும்மி', 'ஞான நொண்டி நாடகம்', 'ஞான உலா', 'ஞானத்தச்ச நாடகம்' என்னும் நூற்பெயர்களே அவர் நோக்கத்தைக் காட்டும். புதிய செய்தியைப் பழகிய மெட்டில் கேட்பவன் அதனை அயலானின் செய்தியாகக் கருதான். தான் அறிந்த ஆட்டம், தான் அறிந்த பாட்டு. உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே புதிது. இதுவே அவருடைய நற்செய்திப் பணியின் முறை. அதன் சிறந்த விளைவு, சுவார்ட்சு மறைந்த இரண்டாம் ஆண்டாகிய 1800-இல் அவர் இயற்றிய 'பெத்தலகேம் குறவஞ்சி'.

ஒரே ஊரில் இரு குறவஞ்சிகள்

குறவஞ்சியின் அமைப்பு நாம் அறிந்ததே. தலைவன் உலா வருவான். தலைவி கண்டு காமுறுவாள். நிலவைப் பழித்து நெஞ்சம் நோவாள். குறத்தி வந்து மலைவளம் கூறி, தலைவியின் கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுவாள். அவளைத் தேடிக் குறவனாகிய சிங்கன் வருவான். இடையே அவனும் நூவனும் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பர். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி இவ்வகைக்கு முடிமணி.

சரபோசி காலத்துத் தஞ்சையில் இவ்வடிவம் இருவேறு வழிகளிற் சென்றது. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர், மன்னரையே தலைவராக வைத்துச் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. அவ்வூரிலேயே, அம்மன்னரின் நண்பரான சாத்திரியார், மாட்டுத் தொழுவத்திற் பிறந்த ஒருவரைத் தலைவராக வைத்தார். நாயக நாயகி பாவம் நம் ஆழ்வார்க்கும் நாயன்மார்க்கும் உரியது. அதனையே சாத்திரியார் கையாண்டார். அவருடைய தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவம். அவள் காதலிப்பது பெத்தலகேம் நாதரை. குறி சொல்ல வரும் குறத்தி வேறு எவளுமல்லள்; விசுவாசமே குறத்தியாக உருவெடுத்து வருகிறாள். சிங்கனும் நூவனும் பொருள் மாறி, குருமாராகவும் உபதேசிமாராகவும் ஆகின்றனர். கண்ணியும் வலையும் ஆன்மாக்களை ஈர்க்கும் ஊழியத்தைக் குறிக்கின்றன. மீனவராயிருந்தவர்களை இயேசு தம் பணிக்கு அழைத்த செய்தி இங்கே நம் குறவரின் வேட்டையோடு இயல்பாக இணைந்துவிடுகிறது.

இந்நூலில் வானநூலும் பூகோளமும் இடம் பெறுகின்றன. ஞாயிற்றைச் சுற்றிக் கோள்கள் இயங்கும் புதிய கொள்கையைத் தமிழ்ப் பாட்டில் ஏற்றிய முன்னோடிகளுள் சாத்திரியார் ஒருவர். படைப்பை அறிவது படைத்தவனை அறியும் வழி என்பது அவர் துணிபு. எனினும் ஒன்று கூறவேண்டும். இப்பகுதிகளில் பெயர்ப்பட்டியல் நீள்கிறது. ஆசிரியர் பேசுகிறார், கவிஞர் ஒதுங்கி நிற்கிறார். குற்றாலக் குறத்தி தன் மலையைச் சொல்லும்போது நாம் அம்மலையில் நிற்கிறோம். இங்கோ வகுப்பறையில் அமர்ந்திருக்கிறோம். இக்குறை நூலின் உயிரைப் போக்கவில்லை, நடையைத் தளர்த்துகிறது.

வடிவத்தைக் கொண்டு பொருளை மாற்றல்

இனி, ஊன்றி நோக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. 1814-இல் பாடிய சாத்திரக் கும்மியில் சாத்திரியார் மக்களிடையே வழங்கிய மூடநம்பிக்கைகளைக் கடுமையாக எள்ளுகிறார். அங்ஙனமாயின், குறி சொல்பவளைத் தம் நூலின் நடுவே எப்படி அமர்த்தினார்?

நம் கருத்தில் இது முரண் அன்று. இதுவே அவர் கலையின் திறவுகோல். அவர் குறத்தியை விரட்டவில்லை. அவள் கையிலிருந்த குறியை மட்டும் மாற்றினார். வடிவத்தை முழுதும் ஏற்று, தமக்கு உடன்பாடில்லாத பொருளை நீக்கி, தாம் நம்பிய பொருளை அதில் பெய்தார். எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்னும் தெளிவு பாட்டுத்துறையில் அவருக்கு நிரம்ப இருந்தது. பாட்டுக்கு வெளியே அத்தெளிவு இருந்ததா என்பதே நம்மை வருத்தும் வினா.

1829-ஆம் ஆண்டின் வழக்கு

சுவார்ட்சின் தலைமுறை மறைந்தபின் வந்த புதிய பாதிரிமார் பல மாற்றங்களைப் புகுத்தினர். சாத்திரியார் எதிர்த்தார். 1829-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதியவற்றில், தமிழ்க் கிறித்தவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் எனச் சிலவற்றை அடுக்குகிறார். மக்கள் நாவில் பழகிய பப்ரிசியுவின் வேதமொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் பூவும் அலங்காரமும் கூடாதென்பது ஒன்று. வழிபாட்டில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்குவது ஒன்று. இம்மூன்றிலும் நாம் அவர் பக்கமே நிற்போம். பூவைச் சூடுவதும் தமிழிற் பாடுவதும் எந்த இறைவனுக்கும் இழிவு தாரா. அந்தப் போராட்டம் நிகழ்ந்திராவிடில், ஒக்கலிபுரத்துத் தெருவில் இன்று அக்கீர்த்தனைகள் ஒலியாமற் போயிருக்கலாம்.

ஆனால் அவர் பட்டியலில் நான்காவது ஒன்றும் இருந்தது. கோயிலில் எல்லாச் சாதியாரும் கலந்து அமரவேண்டும் என்ற கட்டாயத்தையும் அவர் கொடுமை என்றே எழுதினார். வேளாளர் தனியாகவும், ஒடுக்கப்பட்டோர் தனியாகவும் அமர்ந்த பழைய வழக்கம் தொடரவேண்டும் என்பது அவர் கட்சி. இதன் விளைவாக அவர் மிஷன் வேலையை இழந்தார். சரபோசி மன்னரே அவரை ஆதரித்தார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையில் பலர் அதனை ஏற்க மறுத்தனர்.

சாத்திரியாரைப் போற்றுவோர் இந்நான்காவதைச் சொல்லாது விடுவர். தூற்றுவோர் முதல் மூன்றைச் சொல்லாது விடுவர். இரண்டும் நேர்மையாகா. அக்காலச் சூழலை எண்ணிப் பொறுக்கலாமே எனின், அதே காலத்தில் அதே கோயிலில் தனியே அமர்த்தப்பட்டவர்களும் அக்காலத்தவர்தாமே? அவர்கள் அதனைக் கொடுமை என உணர்ந்திராரோ? சூழல் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று.

பாதிரிமார் தமிழ்ப் பூவையும் சாதியையும் ஒரே கட்டாகக் கட்டி, இரண்டையும் எறியச் சொன்னார்கள். சாத்திரியாரும் அவற்றை ஒரே கட்டாகவே ஏற்று, இரண்டையும் காப்பேன் என்றார். கட்டை அவிழ்த்துப் பார்க்க இருதரத்தாரும் முயலவில்லை. குறிசொல்லும் கலையிலிருந்து மூடநம்பிக்கையைப் பிரித்தெடுத்த கவிஞர், தமிழ் மரபிலிருந்து சாதியைப் பிரித்தெடுக்க மறந்தார்.

கவிதை சொல்லும் விடை

இனி மீண்டும் குறவஞ்சிக்கு வருவோம். அங்கே நிகழ்வது என்ன? உயர்குடித் தலைவி ஒருத்தி துயருற்றுக் கிடக்கிறாள். அவள் துயரைத் தோழியராலும் தீர்க்க முடியவில்லை. குறத்தி வருகிறாள். தலைவி அவளை எதிரே இருத்தித் தன் கையை நீட்டுகிறாள். குறத்தி அக்கையைப் பற்றிப் பார்க்கிறாள். இது குறவஞ்சி மரபின் உயிர்நிலை. கைபற்றாமல் குறி இல்லை. குறி இல்லாமல் குறவஞ்சி இல்லை. சாத்திரியார் நூலில் இந்தக் குறத்தியே விசுவாசம், தலைவியே திருச்சபை. ஆகவே, எளிய குறத்தி வந்து அருகமர்ந்து கைதொட்டாலன்றித் திருச்சபைக்கு இறைவனைச் சேரும் வழி தெரியாது என்பதே நூலின் உட்பொருளாகிறது.

'இது உருவகந்தானே, மெய்யான குறத்தியைப் பற்றியதன்றே' எனச் சிலர் தடைகூறலாம். விசுவாசத்தை உருவகிக்க, முதிர்ந்த ஒரு செவிலியையோ கற்ற ஒரு புலவரையோ கவிஞர் படைத்திருக்கலாம். அவர் குறத்தியைத் தேர்ந்தார். அவர் கருதினாரோ இல்லையோ, ஏற்ற வடிவம் தன் அறத்தையும் உடன் கொண்டுவந்தது. கோயிலில் அவர் மறுத்த அண்மையை அவருடைய பாட்டு 29 ஆண்டுகள் முன்னரே வழங்கிவிட்டது. இங்குக் கவிதை கவிஞரினும் பெரிதாக நிற்கிறது. சாத்திரியாரை நாம் அளக்கவேண்டிய கோல் வெளியே இல்லை. அவர் நூலிலேயே இருக்கிறது.

நம் வினா

இக்குற்றத்தை ஒரு சமயத்தார்மேல் மட்டும் சுமத்துவது அறமாகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய 1939-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது சாத்திரியார் வழக்காடியதற்கு 110 ஆண்டுகள் பின்னர்.

பிழைப்புக்காக மாநிலம் கடந்து வந்த நமக்கும் இது வெறும் பழங்கதை அன்று. தமிழ்நாட்டிலிருந்து புகைவண்டி ஏறியபோது நம் முன்னோர் தகரப்பெட்டியில் தமிழைக் கொண்டுவந்தனர். பாட்டையும் பண்டிகையையும் கொண்டுவந்தனர். அதே பெட்டியில் சாதியையும் மடித்துவைத்தனர். வாடகைக்கு வீடு கேட்டுச் சென்ற இடத்தில், நம்மைப் போலத் தமிழ் பேசும் ஒருவரே, ஊர்ப்பெயரைக் கேட்டபின் இன்னும் ஒரு கேள்வி கேட்டதை நாம் அறிவோம். அன்று நமக்கு வீடு கிடைத்தது; நமக்கு முன் வந்து கேட்டுத் திரும்பியவருக்குக் கிடைக்கவில்லை. அக்கேள்விக்கு நாமும் விடை சொன்னோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மரபைக் காப்போம் என்று முழங்கும்போதெல்லாம், கட்டை அவிழ்த்துப் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாத்திரியாரின் இசையை ஏற்போம்; அவர் காத்த பூவையும் மொழியையும் போற்றுவோம்; அவர் காத்த பிரிவினையைத் தள்ளுவோம். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை அவர் படைத்த குறத்தியிடமே கேட்கலாம். வரும் மார்கழியில் பாடற்குழுவினர் நம் வாயிலுக்கு வரும்போது, அவர்கள் வந்த தெருவையும் வீட்டையும் வினவாமல், உள்ளே அழைத்து அமரச் செய்து கேட்போம்.