சாவி யார் கையில்?

பழைய கட்டடங்களை நாடக அரங்காக்கச் சொல்பவர்கள் செலவுக் குறைவையும் பாரம்பரியத்தையும் முன்வைப்பார்கள். சங்கரன்கோவில் போன்ற ஊருக்கு அதைவிட வலுவான காரணம் உண்டு. நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கோயில் கொடை விழாக்களில் உயிரோடிருக்கின்றன. அங்கே டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. ஆனாலும் கொடை பெரும்பாலும் வரி கொடுத்த ஒரு சமூகத்தாருடையது. அடுத்த தெருக்காரர் அதில் விருந்தாளிதான்.

இங்கேதான் ஓட்டம் நின்றுபோன ஒரு திரையரங்கு பொருள் பெறுகிறது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைப் பிரித்தது சாதியல்ல, காசுதான் என்றும் தமிழறிஞர் கா. சிவத்தம்பி எழுதினார். அந்தப் பொதுத்தன்மையைப் புதிதாகக் கட்டும் மண்டபத்துக்கு எளிதில் தந்துவிட முடியாது.

ஆனால் கட்டடம் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. சென்னை விக்டோரியா பொதுக்கூடம் 1880களில் நன்கொடைத் தொகையில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை அங்கே நாடகங்கள் போட்டது. படித்தவர்கள் அரிதாரம் பூசியதால் நாடகத்துக்கு மதிப்புக் கூடியது. அந்த மதிப்பு வக்கீல்களோடும் உத்தியோகஸ்தர்களோடும் நின்றது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

சிங்கப்பூர் காட்டும் பாடம் வேறு. ஆர்மீனியன் தெருவில் கைவிடப்பட்ட துணைமின்நிலையத்தை நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் ‘சப்ஸ்டேஷன்’ கலையகமாக்கினார். பல மொழிக் கலைஞர்கள் துணிந்து சோதனை செய்ய அது இடம் தந்தது. கட்டடமோ அரசுடையது. புதுப்பித்தபின் மற்றக் குழுக்களோடு பகிரவேண்டும் என்றானதும், 2021இல் கலையகம் அங்கிருந்து வெளியேறியது. முப்பது ஆண்டு உழைப்பும் இடத்தின்மேல் உரிமை தரவில்லை.

கட்டடத்திலேயே உள்ள குறைகளும் சிறியவை அல்ல. திரையரங்கின் சுவர்கள் ஒலிபெருக்கிக்காக அமைந்தவை; ஒலியை உறிஞ்சுவதால் நடிகரின் இயல்பான குரல் பின்வரிசைக்கு எட்டாது. திரைக்கு முன்னே ஆழமான மேடை இராது, பக்க மறைவும் இராது. தகரக் கூரையில் மழை பெய்தால் வசனம் கேட்காது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் காலவரம்புக்குள் மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகும்படி மாற்றவேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். வாசலில் சாய்தளம் போட்டதோடு பலரும் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் பார்வையாளராக மட்டுமா வருவார்? ஒப்பனை அறைக்கும் மேடைக்கும் வழி இல்லாவிட்டால் அவரை நடிகராக எண்ணிப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

எனவே பழைய திரையரங்கை நாடக அரங்காக்கும் முயற்சி வேண்டியதே, வரிசைதான் மாறவேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் நீண்டகாலக் குத்தகை எழுதப்படவேண்டும். நிர்வாகக் குழுவில் கூத்துக் கலைஞர்களும் பெண்களும் விசைத்தறித் தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் வாக்குரிமையோடு உட்காரவேண்டும். கல்யாண வாடகைக்கு விடும் நாள்களுக்கு வரம்பு வேண்டும். இவை இல்லாமல் திறக்கும் அரங்கு, சில ஆண்டுகளில் இன்னொரு கல்யாண மண்டபமாகத்தான் முடியும்.