நாணயத்தின் நாணயம்

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்த பொருத்தத்தைச் சிங்கப்பூர் கண்ட போர்க்காலம் நன்கு விளக்குகிறது.

ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு மதிப்பிழந்ததற்குப் பலர் கூறும் காரணம் ஒன்றுண்டு. போரினால் உலோகம் அருகிற்று. காசுக்குப் பதில் தாள் வந்தது. தாளாதலின் மதிப்பு அழிந்தது என்பர். கேட்க எளிய இவ்விளக்கம் ஆராய்ச்சிக்கு நில்லாது.

உலோகப் பஞ்சம் புதியதன்று. முதல் உலகப் போரில் செம்பும் நிக்கலும் படைக்கலங்களுக்குச் சென்றுவிட, ஜெர்மானிய நகராட்சிகள் பல இரும்பிலும் துத்தநாகத்திலும் தத்தம் காசுகளை அடித்தன. அவை அந்தந்த ஊரில் சில்லறையாக வழங்கின. இந்தியாவில் 1943இல் உலோகத்தை மிச்சப்படுத்த ஓட்டைக் காலணா வந்தது. நடுவே துளை இருந்தும் அது காலணாவாகவே செலவாயிற்று. மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி 1940இல் 10 காசுக்கும் 25 காசுக்கும் தாள் அச்சிட்டது. அவ்வாட்சிக்காக 1943இல் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளில் வெள்ளி பாதியே. இவற்றை எவரும் செல்லாக் காசு என்று தள்ளவில்லை.

அங்ஙனமாயின் ஜப்பானிய நோட்டு வீழ்ந்தது ஏன்? 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை புக்கிட் பாஞ்சாங்கைக் கைப்பற்றித் தெற்கே சென்றது. 15ஆம் நாள் புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர். புதிய ஆட்சியில் 1 காசு முதல் எல்லாம் தாளே. தொடக்கத்தில் நோட்டுகள் சிலவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் அதுவும் மறைந்தது. எண் போயிற்று; அச்சிடும் அளவும் போயிற்று. பொருள்களின் விலை ஏறிக்கொண்டே சென்றது.

உலோகத்தின் சிறப்பை முற்றும் மறுத்தலும் ஆகாது. அது நினைத்தபோது பெருகாது; ஆள்வோர் கைக்கு அதுவே ஒரு கட்டு. தாளுக்கோ ஆள்வோரின் நேர்மை ஒன்றே கட்டு.

1945 செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் அந்நோட்டுக்கு மதிப்பில்லையென அறிவித்தனர். அதனையே கூலியாகப் பெற்றுச் சேர்த்துவைத்த எளியோர்க்கு, உழைத்த நாள்களே செல்லாக் காசாயின.

ஆதலின், 10 வெள்ளி நோட்டிலுள்ள வாழையைக் காட்டி மாணவரைச் சிரிக்க வைப்பதோடு பாடம் முடிந்துவிடலாகாது. நாணயம் என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் நிலைத்த இடத்தில் ஓட்டைக் காசும் செல்லும். அது அழிந்த இடத்தில் ஆயிரம் வெள்ளி நோட்டும் வெறுந்தாளே.