வேடமும் உடைமையும்: முர்னோவின் 'தார்த்தூஃப்'

மோலியேரின் 'தார்த்தூஃப்' நாடகம் 1664இல் மேடையேறியதும் பொது அரங்குகளில் தடைசெய்யப்பட்டது. 1669இலேயே தடை நீங்கிற்று. பக்தி வேடதாரி ஒருவனின் கதையாகவே அது பெரிதும் பேசப்படினும், சொத்துரிமையே அதன் அச்சாணி எனலாம். குடும்பத் தலைவனான ஓர்கோன், மகன் தாமிஸின் வாரிசுரிமையைப் பறித்து, உடைமைகளைத் தார்த்தூஃபுக்கு எழுதிக் கொடுக்கிறான். இறுதியில் மன்னனின் தலையீடே குடும்பத்தை மீட்கிறது.

ஜேர்மன் நெறியாளர் எவ். டபிள்யூ. முர்னோ 1925இல் இதனை மௌனப் படமாக்கியபோது, திரைக்கதையாசிரியர் கார்ல் மாயர் செய்த மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. பிள்ளைகளும் மன்னனும் நீக்கப்பட்டனர். வாரிசுப் போட்டியோ, நாடகக் கதையைச் சூழ அமைந்த சமகாலக் கதையொன்றிற் குடிபுகுந்தது. முதியவர் ஒருவரின் வீட்டுப் பணிப்பெண், அவருக்குச் சிறுகச் சிறுக நஞ்சூட்டியவாறே, தன்னை வாரிசாக்க முயல்கிறாள். நடிகனாகிக் கெட்டழிந்தான் என அவள் சுமத்திய பழியாற் பேரன் விரட்டப்படுகிறான். அவன் ஒட்டுத்தாடியுடன், ஊர்சுற்றும் படக்காட்சியாளனாக வந்து, அவ்வீட்டிலேயே தார்த்தூஃபின் கதையைத் திரையிடுகிறான். மோலியேரில் மன்னன் வழங்கிய நீதியை இங்கு வெண்திரை வழங்குகிறது.

கார்ல் ஃப்ரொய்ன்டின் ஒளிப்பதிவு இதற்கு இசைந்துள்ளது. உள்கதை மென்மையான ஒளியில் அமைய, வெளிக்கதையின் முகங்கள் ஒப்பனையின்றி, சுருக்கங்களுடன் அண்மைக் காட்சிகளில் தோன்றுகின்றன. எல்மீர் தார்த்தூஃபைச் சோதிக்கையில், மறைந்திருக்கும் ஓர்கோனின் முகம் மேசைக் கெண்டியின் பளபளப்பில் தெரிந்துவிட, வஞ்சகன் சுதாரித்துக் கொள்கிறான். பின்னர் சாவித் துவாரத்தினூடாகவே ஓர்கோன் உண்மையைக் காண்கிறான். கேட்டு நம்பியவன் கண்டு தெளிகிறான்.

ஆயினும், உண்மையைக் காட்டும் பேரன் நலன் சாராதவன் அல்லன். அவனும் சொத்துக்குப் போட்டியாளன், அவனும் வேடமிடுகிறான், பணிப்பெண்ணை முகத்துதியால் மயக்கியே உட்புகுகிறான். வழிமுறையில் அவனுக்கும் தார்த்தூஃபுக்கும் வேற்றுமை சிறிதே. முதியவரைப் பராமரித்த உழைப்புக்கு உரிமை ஏதும் உண்டா, இரத்த உறவு மட்டுமே உரிமையாகுமா என்னும் வினாக்கள் இங்கு எழுந்திருக்க வேண்டும். நஞ்சுப் போத்தல் அவற்றை எழவிடாது தடுத்துவிடுகிறது. பணிப்பெண் கொலைகாரியானதும், பேரனின் உரிமை விசாரணையின்றியே நியாயமாகிறது.

பக்தியின் முகமூடியைக் கிழித்தெறிந்த இப்படம், உடைமையின் முகமூடியைத் தொடாது விட்டுச்சென்றது. அதன் கலைவெற்றியை மதிப்பவர்கள் இவ்வெல்லையையும் உடன்வைத்தே மதிப்பிடல் வேண்டும்.