கட்டைவிரலைக் கேளுங்கள்

ஒற்றைக் கிடாரோடு ஒருவர் பாடிய 28 நிமிட ஆல்பம் ஒன்றைப் பற்றி யாரைக் கேட்டாலும் உச்சுக்கொட்டுகிறார்கள். "பாவம், உடைந்துபோன மனுஷன் கடைசியாகப் பாடிய ஆல்பம்." ஆளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய சோகக் கதையும் எனக்கு வேண்டாம், ஆட்டம்தான் வேண்டும். அதில் ஐம்பது வருஷமாக எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்பது என் கட்சி.

1971 அக்டோபர். லண்டன் செல்சியில், பழைய பால் பண்ணைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சவுண்ட் டெக்னிக்ஸ் ஒலிப்பதிவுக் கூடம். இரவு பதினொரு மணிக்கு மேல், இரண்டு இரவுகள். அவரும் ஒலிப்பதிவாளரும் மட்டும். முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் வயலின் கூட்டம் உண்டு. இரண்டாவதில் டிரம்ஸ், பித்தளை ஊதுகருவிகள்கூட உண்டு. இதில் ஒரு குரல், ஒரு கிடார். முதல் பாட்டின் நடுவே மட்டும் கொஞ்சம் பியானோ எட்டிப்பார்க்கும். அப்புறம் அதுவும் கிடையாது.

வாத்தியக்காரர்களைக் கூப்பிடத் தெம்பில்லை, அதனால்தான் தனியாகப் பாடினார் என்று சொல்பவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டைப் போடட்டும். இரண்டே நிமிடம். குரலை விட்டுவிட்டு வலது கட்டைவிரலை மட்டும் பின்தொடருங்கள். தடித்த தந்திகளில் அது பாட்டுக்குத் தறி நெய்துகொண்டே போகும். மற்ற விரல்கள் மேலே பூவேலை செய்யும். பல பாட்டுகளில் தந்திகளையும் வழக்கமான சுருதியில் வைத்திருக்கவில்லை. வேறுவேறு விதமாக மாற்றிக் கட்டி, விரல் படாத தந்தியும் தம்புரா மாதிரி அடியில் ஒலிக்கும்படி செய்திருக்கிறார். குரலோ அவசரமே படாமல், நம்ம ஊர் வித்வான் அரை இடம் தள்ளி எடுப்பதுபோல, கொஞ்சம் பிந்தி வந்து அதன்மேல் உட்காரும். கீழே ஒரு கணக்கு, மேலே ஒரு கணக்கு, இரண்டும் ஒரே ஆள். சோர்ந்து கிடந்தவனுக்கு இது வருமா?

அவரை வாட்டிய மனச்சோர்வு நோய் பொய்யில்லை. 1974 நவம்பரில், 26 வயதில் போய்விட்டார். ஆனால் நோய் ஆளுக்கு, விரலுக்கு இல்லை.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை மட்டையைத் தூக்கி விடுகிறவனைப் பார்த்து "அடிக்கத் தெரியாதவன்" என்று கேலரியிலிருந்து கத்துவோமே, அந்த ரகம்தான் இந்த அனுதாபமும். விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் தொடங்கும் பாட்டைக் கேளுங்கள். ஒரே சின்னச் சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. சாகித்யம் நாலே வரி, மீதி முனகல். ஐந்தாவது வரி எழுதத் தெரியாமலா நிறுத்தினார்? வேறு யாராவது இருந்தால் அந்த வெற்றிடத்தில் ஒரு செல்லோவையாவது நுழைத்திருப்பார்கள். (இரண்டாவது ஆல்பம்தான் உச்சம் என்று வாதாடும் கோஷ்டிக்கு இந்த இடத்தில் என் ஆழ்ந்த அனுதாபம்.)

வந்தபோது வாங்க ஆளில்லை. 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் முதல் பாட்டு வந்தபிறகு கடைகளில் தேடினார்கள். விளம்பரம் ஆளைக் கூட்டிவரும், சரி, உட்காரவைக்காது. கேட்க வந்தவர்கள் பாதிப்பேர் எழுந்து போகாமல் இன்னும் உட்கார்ந்திருப்பதற்கு அவர் விட்டுவைத்த அந்தக் காலி இடம்தான் காரணம். ஒவ்வொருவரும் தன் பாயை அங்கே விரித்துக்கொள்கிறார்கள்.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிடாருக்குப் பின்னால் கணினியில் வயலின் கூட்டத்தைச் சேர்த்து யாராவது ஒரு 'முழுமையான' பதிப்பு கொண்டுவருவார்கள். ஒரு வாரம் பேசுவார்கள், இரண்டாம் வாரம் பழையதற்கே திரும்புவார்கள். படுக்கையறையில் பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் அவருடைய முணுமுணுப்பைக் காப்பியடிப்பார்கள். கட்டைவிரலை மட்டும் கோட்டைவிடுவார்கள்.

இன்னொன்று. இப்போது எல்லோர் வாயிலும் முதல் பாட்டுத்தான். பத்து வருஷத்துக்குள் கடைசிப் பாட்டு அதை முந்தும். விடியலைப் பற்றிய பாட்டு அது, கிடார் துள்ளிக்கொண்டு ஓடும். உச்சுக்கொட்டுகிறவர்கள் அதுவரை கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் பலமான சந்தேகம். முந்தாவிட்டால் என் இரண்டாவது ஆல்பம், அட்டையோடு, அந்தக் கோஷ்டிக்கே இனாம்.